சிறு முதலீட்டாளருக்கு ஆப்ஷன் சந்தை வேண்டுமா?
வாசகர் கேள்விகள் – எங்கள் பதில்கள்

விசைப்படகுத் தொழிலாளி நான். தடைக்காலம் 61 நாளும் கரையில் இருக்கும்போது போனிலேயே ஆப்ஷன் (குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) வாங்கி விற்பேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, லாட் (ஒரே தடவையில் வாங்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) அளவைக் கூட்டி, வாராந்திர எக்ஸ்பைரியையும் (ஒப்பந்தம் முடியும் நாள்) குறைத்து எங்களை மாதிரிச் சின்ன ஆட்களை விரட்டுகிறது. என் காசு, என் இஷ்டம். இதைத் தடுக்க இவர்கள் யார்?
– வாசகர், மண்டபம்

காசு உங்களுடையதுதான். ஆனாலும் இந்தச் சந்தையில் கட்டுப்பாடு வேண்டும் என்றே நாங்கள் நினைக்கிறோம். 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர், ஆப்ஷன் சந்தை) இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியின் 2024 செப்டம்பர் ஆய்வு சொல்கிறது. நஷ்டம் ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். விதிகள் இறுகிய 2024-25-லும் 91 சதவீதம் பேர் நஷ்டத்தில்தான் முடித்தார்கள். இவ்வளவு பேர் தோற்கும்போது குறையை ஆட்களிடம் தேடுவதில் நியாயமில்லை. சரக்கு அப்படிப்பட்டது.

எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். திங்கள் காலை பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 25,000-ல் நிற்கிறது. செவ்வாய் எக்ஸ்பைரி. நிஃப்டி 25,200-ஐத் தாண்டினால் பணம் தரும் 'கால்' ஆப்ஷனை 30 ரூபாய்க்கு ஒரு லாட், அதாவது 65 எண்ணிக்கை, வாங்குகிறீர்கள். போட்டது 1,950 ரூபாய். செவ்வாய் மாலை நிஃப்டி 25,150-ல் முடிகிறது. ஏறும் என்று நினைத்தீர்கள், 150 புள்ளி ஏறியும் விட்டது. கைக்கு வருவதோ பூஜ்யம்! 25,230-ஐத் தாண்டினால்தான் உங்களுக்கு லாபம். திசை சரியாக இருந்தால் போதாது, எவ்வளவு ஏறும், எந்த நாளுக்குள் ஏறும் என்பதும் சரியாக இருக்க வேண்டும். நேரம் போகப் போக ஆப்ஷனின் விலையான பிரீமியம் கரையும். எதிர்ப்பக்கம் விற்றுக்கொண்டிருப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டர் நிரல் வைத்துச் செய்யும் பெரிய நிறுவனம்.

ஆனால் செபி போட்ட கட்டு முழுக்கச் சரியான இடத்தில் விழவில்லை. 2024 நவம்பரிலிருந்து புதிய ஒப்பந்தங்களின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் இருக்க வேண்டும் என்றார்கள். நிஃப்டி லாட் 25-லிருந்து 75 ஆனது, பிறகு 65-க்கு வந்தது. இதனால் மார்ஜின் (ஈட்டுப் பணம்) கட்டி ஆப்ஷன் விற்பவருக்குத்தான் உண்மையில் தடை. வாங்குபவர் என்ன செய்கிறார்? நல்ல ஆப்ஷனுக்குக் காசு போதாமல், எக்ஸ்பைரி அன்று 4 ரூபாய்க்குக் கிடைப்பதை வாங்குகிறார். 65-ஐ 4-ஆல் பெருக்கினால் 260 ரூபாய். ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு என்றால் வாங்க, விற்க 40 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 47 ரூபாய் 20 காசு. போட்ட பணத்தில் 18 சதவீதம் தரகிலேயே போய்விடும், மற்ற வரிகள் தனி. சின்ன ஆளை மிக மோசமான சரக்கின் பக்கம் தள்ளிவிடும் விதி இது.

இப்போது எஃப் அண்ட் ஓ கணக்குத் திறக்க ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி ஒரு வருமானச் சான்று போதும். மேலே போட்ட கணக்கு, திறக்க வருபவருக்குப் புரிகிறதா என்று கேட்பாரில்லை. முதலில் ஒரு தேர்வு வேண்டும். பிறகு வருமானத்துக்கு ஏற்றபடி வருட நஷ்டத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். பணக்காரருக்கு மட்டும் கதவைத் திறந்து வைப்பதைவிட இதுவே நியாயம். அதுவரை உங்களிடம் ஒரே வேண்டுகோள்: படகு முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸையும் நகைக்கடன் பணத்தையும் இதில் போடாதீர்கள்.

என் மகனுக்கு 24 வயது. எஃப் அண்ட் ஓ-வில் பணத்தை விட்டுக்கொண்டே இருக்கிறான். அவன் கணக்கை நான் முடக்க முடியுமா?
– ஒரு தாய், பாம்பன்

முடியாது அம்மா. கணக்கு வைத்திருப்பவர்தான் கேட்க வேண்டும். பக்கத்தில் உட்கார வைத்து அவரையே செய்யச் சொல்லுங்கள். முதலில் திறந்திருக்கும் பொசிஷன்களை (இன்னும் முடிக்காத ஒப்பந்தங்களை) முடிக்க வேண்டும். அப்புறம் தரகரின் ஆப்பில் 'செக்மென்ட்' பகுதிக்குப் போய் எஃப் அண்ட் ஓ-வை மட்டும் நீக்கலாம். ஆப்பில் வழியில்லை என்றால் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து எழுதிக் கேட்கலாம். வாங்கி வைத்த பங்குகளுக்கு இதனால் எதுவும் ஆகாது. நஷ்டத்தை வருமான வரிக்கான ஐடிஆர்-3 படிவத்தில் கெடுவுக்குள் காட்டச் சொல்லுங்கள். எட்டு வருடம் வரை பிற்கால வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். டெலிகிராமில் யாருக்காவது பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் அது வேறு விஷயம், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

கணவர் துபாயிலிருந்து அனுப்பிய 3 லட்சத்தை டெபாசிட் போடப் போனேன். "இதில் கூடுதலாக வரும்" என்று பேங்கில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்கு வந்தது யூலிப் (சந்தை முதலீட்டோடு சேர்ந்த ஆயுள் காப்பீடு) பாலிசி. டெபாசிட் என்று சொல்லி இதை விற்கலாமா?
– வாசகி, கீழக்கரை

கூடாது, சகோதரி. முதலில் பாலிசி கைக்கு வந்த தேதியைப் பாருங்கள். அதிலிருந்து 30 நாளுக்குள் 'ஃப்ரீ லுக்' உரிமையில் திருப்பிக் கொடுக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்து, தேதியுடன் முத்திரை வாங்குங்கள். பேங்க் ஊழியரிடம் வாயால் சொன்னால் நாள்தான் கடக்கும். முத்திரைக் கட்டணம், அத்தனை நாளுக்கான ஆயுள் காப்பீட்டுச் செலவு முதலியவற்றைக் கழித்து, யூனிட்டின் அன்றைய மதிப்புப்படி மீதி வரும். 30 நாள் தாண்டிவிட்டால் ஐந்து வருடம் எடுக்க முடியாது. நடுவில் தவணையை நிறுத்தினால் பணம் தனி நிதிக்குப் போய், குறைந்தது 4 சதவீத வட்டியோடு அங்கேயே கிடக்கும்.

கதவடைப்பதே சரி என்ற இடமும் உண்டு. யெஸ் பேங்கின் ஏடி-1 பத்திரங்களை (பேங்க் நொடித்தால் முழுப் பணமும் போகக்கூடிய பத்திரங்கள்) டெபாசிட்டைவிட மேல் என்று சொல்லித் தனிநபர்களுக்கு விற்றார்கள். 2020 மார்ச்சில் 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் ஒரேயடியாகத் தள்ளுபடியாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே வருடம் அக்டோபரில் செபி, இத்தகைய பத்திரங்களைப் பெரிய நிறுவன முதலீட்டாளர்களுக்கு மட்டுமே புதிதாக வெளியிடலாம், குறைந்தபட்சம் ஒரு கோடி என்று நிறுத்தியது. பேங்க் கவுன்டரில் வைத்து விற்கும்போது எந்தச் சரக்கும் டெபாசிட் போலத்தான் தெரியும். அதனால் அங்கே விற்பதற்கும் இதே கண்டிப்பு வர வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகலைப் பாலிசியோடு அனுப்பியிருப்பார்கள். அதில் வருமானம், தொழில் என்ற கட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் சொல்லாததை நிரப்பியிருந்தால் புகாரில் அதையே முதலில் எழுதுங்கள்.