‘கம்ப்யூட்டர் போச்சு’ என்கிறார்கள், மாற்றிவிடலாமா?

கேள்வி: கணவர் ஓட்டிய பழைய காரைத்தான் இப்போது நான் ஓட்டுகிறேன். வேலை முடிந்து வரும்போது ஜாலான் கூச்சிங் நெரிசலில் சட்டென்று நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஓரங்கட்டி வைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ‘இசியு (காரின் கம்ப்யூட்டர்) போச்சு, மாற்ற 1,800 வெள்ளி’ என்கிறார் ஃபோர்மேன். மாற்றிவிடலாமா?
– வாசகி, செலாயாங்

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள், அம்மா. செந்தூலில் 27 வருடமாக கார் வயரிங் வேலை பார்க்கிறேன். ‘கம்ப்யூட்டர் போச்சு’ என்று என்னிடம் வந்த கார்களில் பெரும்பாலானவற்றில் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததுமே எனக்குக் கிராங்க் சென்சார் மேல்தான் சந்தேகம் போனது. எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், எஞ்சினை ஒட்டியே இருக்கும் சின்னப் பொருள் அது. பழைய கார்களில் அதற்குள் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிச் சுருள் இருக்கும். சூட்டில் கம்பி விட்டுப்போனால் எஞ்சின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பெட்ரோலையும் பொறியையும் நிறுத்திவிடும். ஆறியதும் கம்பி ஒட்டிக்கொள்ளும், வண்டி ஓடும்.

அடுத்த முறை நின்றால், பாதுகாப்பாக ஓரங்கட்டிவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ‘ஆன்’ வரைக்கும் திருப்புங்கள். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா? எரிந்தால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வருகிறது, அதற்கு உயிரும் இருக்கிறது. பிறகு ஸ்டார்ட் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் அது லேசாக எழும்பும். செத்த மாதிரி கிடந்தால் சென்சார் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி0335 என்று கோட் வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மஞ்சள் விளக்கே எரியவில்லையா? கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம். மெயின் ரிலே (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), ஃபியூஸ், எர்த் வயர், இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டர் பெட்டியைச் சந்தேகப்படணும். ரிலேக்குள் ஈயப் பற்று விரிசல் விட்டிருந்தாலும் இதே மாதிரி சூட்டில்தான் படுத்தும்.

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு தம்பி வந்தார். ஸ்கேன் பண்ணினால் மூன்று சென்சாருக்குக் கோட். வேறு பட்டறையில் சொன்னதை நம்பி, பழைய கார் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடையில் ஒரு இசியு வாங்கி, செய்தித்தாளில் சுற்றிப் பின் சீட்டில் வைத்திருந்தார். அக்காவிடம் கேட்டு வாங்கிய கூட்டு (சீட்டு) காசு. கம்ப்யூட்டர் சென்சார்களுக்குக் கொடுக்கும் 5 வோல்ட் வயரில் மீட்டரை வைத்தேன், 0.4 காட்டியது. ஒவ்வொரு சென்சாராகப் பிளக்கைக் கழற்றிக்கொண்டே வந்தேன். ஏர்கான் கேஸ் பிரஷர் சென்சாரைக் கழற்றியதும் மீட்டர் 5.0-க்கு ஏறியது. அந்த ஒன்று ஷார்ட் ஆகி, அதே வயரில் தொங்கிய மற்றதையெல்லாம் இழுத்துப் போட்டிருக்கிறது. பின் சீட்டுப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அந்தக் காசை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் கெடவே கெடாது என்று சொல்ல மாட்டேன். நம் ஊர் மழைதான் அதற்கு முதல் எதிரி. முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகாலில் இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, சில கார்களில் நேரே பெட்டி மேல் சொட்டும். திறந்தால் பிளக் பின்களில் பச்சைப் பூப்பு. 1990-களின் சில பெட்டிகளில் கெப்பாசிட்டர் கசிந்து, மூடியைத் திறந்ததுமே மீன் வாடை அடிக்கும். பி0601, பி0606 என்று கோட் வந்தால் கம்ப்யூட்டர் தன்னைப் பற்றியே புகார் சொல்கிறது. அப்போதும் பேட்டரியையும் எர்த்தையும் பார்த்துவிட்டே முடிவு பண்ணுங்கள்.

ஃபோர்மேனிடம் ‘என்ன கோட் வந்தது, எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். கடைசியில் மாற்றித்தான் ஆகணும் என்றால், 1,800-ல் சாவிக்குப் பொருத்தும் வேலையும் சேர்த்தியா என்று கேளுங்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள காரில், வேறு காரிலிருந்து கழற்றிய பழைய பெட்டியை வெறுமனே மாட்டினால் ஸ்டார்ட் ஆகாது.

கேள்வி: எஞ்சின் விளக்கு எரிந்தால் பேட்டரி கேபிளைக் கழற்றி மாட்டுகிறேன், அணைந்துவிடுகிறது. இப்படியே ஓட்டலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம், தம்பி. கோட் பதிவான நேரத்தில் எஞ்சின் எவ்வளவு சூடு, எத்தனை ஆர்பிஎம், என்ன வேகம் என்பதையும் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். எனக்கு வேண்டியதே அதுதான். நீங்கள் அதையும் சேர்த்து அழித்துவிடுகிறீர்கள். முதலில் ஸ்கேன் பண்ணி, அந்தத் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் விஷயம் வேறு. எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆகி, அந்த எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் பண்ணும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பொசுக்கும். பினாங்குப் பாலத்தின் நடுவில் அப்படி மினுக்கினால் காலைத் தளர்த்தி, இடது ஓரமாக மெதுவாகப் பாலத்தைத் தாண்டுங்கள். தாண்டியதும் நிறுத்தி, டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.