பழுது இருப்பது தெரிந்தும் விமானம் ஏன் புறப்படுகிறது?

கேள்வி: ஐயா, டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போக கிங் ஷாகா விமான நிலையத்தில் ஏறி உட்கார்ந்தோம். உள்ளே தாங்க முடியாத புழுக்கம். ஏ.பி.யூ. வேலை செய்யவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று கேப்டன் அறிவித்தார். வெளியே ஏதோ ஒரு வண்டி காது கிழிய இரைந்தது, நின்ற இடத்திலேயே ஒரு இன்ஜினை ஓட்டிவிட்டார்கள். கெட்டுப்போனது தெரிந்தும் புறப்படுகிறார்களே, எல்லாம் பணத்துக்காகத்தானே?
வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: பணமும் ஒரு காரணம்தான் அம்மா, மறைப்பானேன். ஆனால் நீங்கள் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ.பி.யூ. என்பது விமானத்தின் வாலில் இருக்கும் குட்டி இன்ஜின். தரையில் நிற்கும்போது மின்சாரம், ஏசிக்கும் பெரிய இன்ஜினைக் கிளப்புவதற்கும் வேண்டிய அழுத்தக் காற்று எல்லாம் அதிலிருந்துதான் வரும். அது படுத்துவிட்டால் மின்சாரத்தைத் தரையிலிருந்து கொடுத்து, இரைந்ததே அந்த வண்டி, அதன் காற்றால் ஒரு இன்ஜினைக் கிளப்பிக்கொண்டு, அந்த இன்ஜினின் காற்றை வைத்தே இரண்டாவதைக் கிளப்புவார்கள். வானத்தில் மின்சாரத்துக்கு இரண்டு இன்ஜின்களிலும் ஜெனரேட்டர் உண்டு. ஒரு மணி நேரப் பயணத்தில் உங்களுக்கு நேர்ந்த கஷ்டம் வியர்வை மட்டும்தான். இதே பழுதோடு கடலைத் தாண்டும் நீண்ட பயணம் என்றால் நிபந்தனைகள் மாறும், சில பாதைகளில் அனுமதியே கிடையாது.

இதையெல்லாம் அந்த நேரத்தில் யாரும் யோசித்து முடிவு செய்வதில்லை. எம்.இ.எல். என்று ஒரு பட்டியல் இருக்கிறது. விமான ரகத்துக்கு ஒரு மூலப் பட்டியல், அதைவிடத் தளர்வில்லாமல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒன்று தயாரித்து, இங்கே என்றால் தென்னாப்பிரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தும் பறக்கலாம், அதற்குப் பதிலாக மெக்கானிக் என்ன செய்ய வேண்டும், பைலட் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். பி வகைப் பழுதுக்கு 3 நாள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120. கண்டுபிடித்த நாள் கணக்கில் சேராது. ஏ வகைக்கு அந்தந்த இடத்திலேயே கெடு எழுதியிருக்கும். இறக்கை, சுக்கான் மாதிரி பறப்பதற்கே அடிப்படையானவை பட்டியலில் வராது, வராதவை வேலை செய்தே ஆக வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. வண்டி புறப்பட நேரமாகிவிட்டது, பட்டியலைப் புரட்டினால் அனுமதி இருக்கிறது, ஸ்டிக்கர் ஒட்டு, டெக் லாகில், அதாவது விமானத்தின் பழுதுகளை எழுதிவைக்கும் பதிவேட்டில், கையெழுத்துப் போடு, கிளம்பு. இது ஏன் கெட்டது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில் ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்.டி.-82 விமானத்தில், காற்றின் வெப்பநிலையை அளக்கும் கருவியின் ஹீட்டர் தரையிலேயே சூடானது, அது வானத்தில்தான் சூடாக வேண்டும். வழியில் பனி உறையும் வானிலை இல்லை, பட்டியல் இடம் கொடுத்தது, அதற்கான சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு அனுப்பினார்கள். அப்புறம் பைலட்டுகள் ஃபிளாப்பை, அதாவது மேலெழும்ப உதவும் இறக்கைப் பலகையை, இறக்க மறந்தார்கள், அதைக் கத்திச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒலியும் வரவில்லை. 154 பேர் இறந்தார்கள். விமானம் தரையிலா வானத்திலா என்று தெரிவிக்கும் ரிலே, அதாவது மின் சுவிட்ச், ஹீட்டருக்கும் அந்த எச்சரிக்கைக்கும் ஒன்றேதான். ரிலேதான் காரணம் என்று விசாரணையால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனாலும், தரையில் நிற்கும் விமானத்தின் ஒரு பகுதி பறப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறதே, வேறு எதெல்லாம் அப்படி நினைக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கலாம்.

கேள்வி: பிரேக் தொடர்பான ஒரு பழுதோடு டர்பனிலிருந்து நிறைந்து வந்த அதே விமானம், ஜோஹன்னஸ்பர்க்கில் எடை அதிகம் என்று எங்கள் பெட்டிகளில் பாதியை இறக்கிவிட்டது. அங்கே சரி, இங்கே தப்பா?
வாசகர், லெனேசியா

பதில்: ஆமாம், ஊர் மாறினால் கணக்கும் மாறும். அநேகமாக ஆன்டி-ஸ்கிட் பழுதாக இருக்கும், பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அது. அது இல்லாவிட்டால் நிற்க அதிகத் தூரம் வேண்டும். ஓ.ஆர். தாம்போ விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,500 அடி உயரத்தில் இருக்கிறது, காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு, வெயில் நாளில் இன்னும் குறையும். அதனால் மேலெழும்ப அதிக வேகம் வேண்டும், அந்த வேகத்தில் ஏதோ ஆகி ஓட்டத்தைக் கைவிட்டால் அத்தனையையும் பிரேக்தான் தாங்க வேண்டும். ஓடுபாதை நாலு கிலோமீட்டருக்கு மேல் இருந்தும் எடையைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். பெட்டி பின்னால் வரட்டும், விடுங்கள்.

கேள்வி: காலையில் ரேடார் இல்லாமல் பறந்த விமானத்தை மாலையில் அதே காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். கேலிக்கூத்து!
வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: கேலிக்கூத்து இல்லை. பாதையில் இடிமழை எதிர்பார்க்கப்படாதபோதுதான் வானிலை ரேடார் இல்லாமல் போகலாம். கௌடெங் பக்கம் கோடைக்காலப் பிற்பகலில் மேகம் எப்படித் திரளும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கேள்வி: பட்டியல் அனுமதித்த பிறகும் கேப்டன் மாட்டேன் என்று சொல்லலாமா?
மாணவி, ஃபீனிக்ஸ்

பதில்: தாராளமாகச் சொல்லலாம், கடைசி வார்த்தை அவருடையது. தனித்தனியாக அனுமதிக்கப்பட்ட மூன்று சின்னப் பழுதுகள் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பட்டியல் முழுதாகச் சொல்லாது, அவர்தான் யோசிக்க வேண்டும். இன்னொன்றும் அவர் டெக் லாகில் பார்ப்பார். நேற்று ரீசெட் செய்து சரியாகிவிட்டது என்று எழுதி மூடிய பழுது இன்று புதிதாக வந்ததுபோல் மறுபடி எழுதப்பட்டிருக்கிறதா? அப்படி எழுதினால் கெடு நாள் முதலிலிருந்து தொடங்கிவிடும். அந்தத் தந்திரம் எல்லா நாட்டிலும் தெரிந்ததுதான், நல்ல கேப்டன் நாலு பக்கம் பின்னால் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.