புகைபோக்கியை ஒட்டிய ஒழுக்கு: தார் ஏன் தாங்குவதில்லை?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முப்பது வருடப் பழைய வீடு. செங்கல் புகைபோக்கிக்குப் பக்கத்து சீலிங்கில் மழைக்குப் பிறகு பழுப்புக் கறை படிகிறது. இரண்டு தடவை தார் பூசியாயிற்று. ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. கூரையையே மாற்ற வேண்டுமா?

பதில்: ஷிங்கிள்ஸ், அதாவது கூரையை மூடும் தார் ஓடுகள், நன்றாக இருந்தால் வேண்டாம். மாற்ற வேண்டியது புகைபோக்கியும் கூரையும் சேரும் இடத்தில் நீர் புகாமல் தடுக்கும் பிளாஷிங் தகட்டை மட்டுமே. செங்கல் புகைபோக்கி தன் சொந்த அத்திவாரத்தில் நிற்கிறது. கூரையோ மரச்சட்டத்தில் கிடக்கிறது. ஈரத்துக்கும் குளிருக்கும் இரண்டும் வெவ்வேறாக அசையும். நடுவில் பூசிய தார் இறுகியதும் வெடிக்கிறது. வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் பலகையை உக்க வைக்கிறது.

முதலில் ஒழுக்கு எங்கே என்று உறுதி செய்யுங்கள். மழையே இல்லாத குளிர்நாளில் கறை ஈரமானால், அது சூடாக்கியின் புகை உள்ளே குளிர்ந்து நீராவதாக இருக்கலாம். தகடு மாற்றிப் பயனில்லை. புகைபோக்கியின் தலையிலுள்ள கொங்கிரீட் மூடி வெடித்து ஒழுகினாலும் தகடு மாற்றிப் பயனில்லை. ஒருவர் கூரைக்கடியிலுள்ள அட்டிக்கில் டார்ச்சோடு இருக்க, மற்றவர் தண்ணீர்க் குழாயைப் புகைபோக்கியின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் பிடித்து மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எங்கே நுழைந்ததென்று தெரியாது.

பிளாஷிங்தான் என்றால், சுற்றிலும் ஓரடிக்கு ஷிங்கிள்ஸைக் கழற்றி, பழைய தகட்டையும் தாரையும் முழுதாக எடுங்கள். உக்கிய பலகையை வெட்டி மாற்றுங்கள். பிறகு ஐஸ் ஷீல்ட் எனும் ஒட்டும் நீர்த்தடுப்பு விரிப்பைப் பலகையில் விரித்து, செங்கல்லில் நான்கு அங்குலம் ஏற்றி ஒட்டுங்கள்.

தகடு எப்போதும் கீழிருந்து மேலே போகும். முதலில் முன்பக்கத் தகடு, கீழ் ஷிங்கிள்ஸின் மேல் உட்காரும். பக்கங்களில் எட்டங்குல அகலத் தகட்டுத் துண்டுகளை, பாதி கூரையிலும் பாதி செங்கல்லிலும் இருக்கும்படி நடுவில் மடித்து, ஷிங்கிள் வரிசைக்கு ஒன்றாக வைக்க வேண்டும்: ஒரு ஷிங்கிள், ஒரு துண்டு, மறுபடி ஷிங்கிள். ஒவ்வொரு துண்டும் கீழ்த்துண்டைக் குறைந்தது மூன்றங்குலம் மூட வேண்டும். பக்கம் இரண்டடி, 6/12 சரிவு (பன்னிரண்டு அங்குலத்துக்கு ஆறங்குல உயர்வு) என்றால் பக்கத்துக்கு ஆறு துண்டு போதும், இரு பக்கத்துக்கும் உதிரியோடு பதினைந்து வாங்குங்கள். ஆணியைத் துண்டின் மேல்மூலையில், கூரைப் பலகையில் மட்டும் அடியுங்கள். செங்கல்லில் அடித்தால் தகடு அசைய முடியாமல் கிழியும். நீளமான ஒற்றைத் தகட்டால் பக்கம் முழுவதையும் மூடும் குறுக்குவழியை ஏற்காதீர்கள். அதன் ஓரத்தில் புகும் நீரை மறுபடி ஷிங்கிளின் மேல் கொண்டுவர எதுவும் இல்லை.

பின்பக்கம்தான் அதிகம் கெடும் இடம். பனியும் இலையும் அங்கே தேங்கும். புகைபோக்கியின் அகலம் 750 மில்லிமீட்டரைத் தாண்டினால், நீரை இருபுறமும் பிரித்துவிடும் சிறு முக்கோண மேடு, அதாவது சாடில், பொதுவாகக் கட்டாயம். பிளைவுட்டால் அமைத்து, ஐஸ் ஷீல்டும் தகடும் போர்த்தி, தகட்டை மேல் ஷிங்கிள்ஸுக்கு அடியில் ஓரடியாவது ஏற்றுங்கள்.

கடைசியாக, கீழ்த்தகடுகளின் மேல்விளிம்பை மூடும் மேல்தகடு. கிரைண்டரில் டயமண்ட் பிளேடு போட்டு, செங்கல்லை விட்டுவிட்டு, சாந்துக் கோட்டில் 25 மில்லிமீட்டர் ஆழம் வெட்டுங்கள். தூசி நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா. தகுந்த மாஸ்க் இல்லாமல் தொடங்க வேண்டாம். மடித்த விளிம்பை உள்ளே செருகி, ஈயத் துண்டால் இறுக்கி, பாலியூரிதேன் சீலண்டால் அடையுங்கள். மேல்தகடு கீழ்த்தகட்டை 100 மில்லிமீட்டர் மூட வேண்டும். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கக் கூடாது. வர்ணப் பூச்சுள்ள கல்வனைஸ்டு இரும்புத் தகடு நல்லது. பூச்சில்லாத அலுமினியத்தைச் சாந்தின் காரம் அரித்துவிடும்.

குளிர்காலத்துக்கு முன் செய்யுங்கள். குளிரில் ஷிங்கிள் உடையும், ஒட்டாது. இரண்டு மாடி வீடோ செங்குத்தான சரிவோ என்றால் கூரை வேலையாளை வைத்துச் செய்யுங்கள். அவர் தரும் விலைமதிப்பில் இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்: பக்கத் துண்டுகள் புதிதா, மேல்தகடு சாந்தை வெட்டிச் செருகப்படுமா, சாடில் உண்டா. பழைய தகட்டின் மேல் புதியதை ஒட்டி சீலண்ட் அடிப்போம் என்பவரை அனுப்பிவிடுங்கள்.