கன்சல்டிங் ஃபீஸ் முந்நூறா, எண்ணூறா?

கேள்வி (அம்பத்தூர் வாசகி): பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் இரண்டு மாத லாப்ரடார் குட்டி வாங்கிவிட்டோம். எங்கள் பக்கத்தில் மூன்று பெட் கிளினிக்குகள் இருக்கின்றன. ஒன்றில் ஃபீஸ் 300 ரூபாய், இன்னொன்றில் 500, ஏசி போட்ட மூன்றாவதில் 800. குட்டியை விற்றவரோ, "தடுப்பூசியை நானே வீட்டுக்கு வந்து போட்டுடறேன், பாதி ரேட்தான்" என்கிறார். யாரிடம் போவது?

பதில்: விற்றவரை முதலில் கழித்துவிடுவோம். தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். அம்பத்தூர் வெயிலில் பைக் பெட்டிக்குள் வந்த மருந்தில் குட்டிக்கு மிஞ்சுவது ஊசி குத்திய வலி மட்டுமாக இருக்கலாம். அது வேலை செய்யவில்லை என்பது, பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ரத்தபேதி ஆகும்போதுதான் தெரியும். தவிர, 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற டாக்டர்தான் வைத்தியம் பார்க்கலாம். நாய் விற்பவர் பார்க்க முடியாது.

இனி மூன்று கிளினிக்குகள். 300, 500, 800 என்பதெல்லாம் வாசல் டிக்கெட். செலவு உள்ளே இருக்கிறது. எண்ணூறு வாங்குகிறவர் இருபது நிமிடம் தொட்டுப் பார்த்துவிட்டு, "டெஸ்ட் வேண்டாம், இரண்டு நாள் தயிர்சாதம் போடுங்கள்" என்று அனுப்பலாம். முந்நூறு வாங்குகிறவர் ஆயிரத்து ஐந்நூறுக்கு ஊசியும் டானிக்கும் கட்டிக் கொடுக்கலாம். நேர்மாறாகவும் நடக்கும். அதனால் ஃபீஸை மறந்துவிட்டு, குட்டி நன்றாக இருக்கும்போதே முதல் தடுப்பூசிக்குப் போய்ப் பாருங்கள். டாக்டர் எடை போடுகிறாரா, காய்ச்சல் பார்க்கிறாரா, ஈறின் நிறத்தையும் காதையும் பார்க்கிறாரா, அல்லது நீங்கள் பேசி முடிப்பதற்குள் சிரிஞ்சை எடுத்துவிடுகிறாரா?

அடுத்து, கையில் என்ன காகிதம் தருகிறார் என்று கவனியுங்கள். இதில் நான் பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு நாட்டு நாய்க்குச் சொறி வந்து ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக் கூட்டி வந்தோம். அன்று இரவே முகம் வீங்கி மூச்சு இரைத்தது. அடித்துப் பிடித்து வேறொரு டாக்டரிடம் போனால், அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஊசி போட்டாங்க?" எங்கள் புத்தகத்தில் 'ஊசி போடப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தது. முதல் கிளினிக் போனை எடுக்கவில்லை. நாய் பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்றிலிருந்து மருந்தின் பெயரும் அளவும் எழுதித் தராத டாக்டரிடம் நான் போவதில்லை, அவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி.

தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் வேண்டும். மாநகராட்சியில் நாய்க்கு லைசென்ஸ் எடுக்கப் போகும்போது வெறிநோய் ஊசி போட்டதற்கு இதுதான் அத்தாட்சி. இரவு இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்றும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். "எனக்குப் போன் பண்ணுங்க" என்பதும் சரியான பதில்தான். "இரவில் நான் பார்ப்பதில்லை, இன்ன இடத்துக்குப் போங்க" என்பதும் சரியான பதில்தான். மழுப்பினால் அடுத்த கிளினிக்கைப் பாருங்கள்.

முதல் வருடச் செலவை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, ஒரு வருடம் கழித்து பூஸ்டர். ஜூலை 6 (விலங்குவழி நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் தினம்) ஆகிய நாட்களை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய் ஊசியை இலவசமாகப் போடும் முகாம்கள் நடக்கும். (1885 ஜூலை 6 அன்றுதான் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அந்த ஊசியைப் போட வைத்தார்.) மாட்டாஸ்பத்திரி என்று முகம் சுளிக்க வேண்டாம். அங்கே போடுவதும் அதே மருந்துதான்.

கேள்வி (செங்கல்பட்டு வாசகர்): எங்கள் பெண் நாய்க்கு ஆறு வயது. கருத்தடை செய்யவில்லை. ஒரு மாதத்துக்கு முன் பருவத்துக்கு வந்து போனது. இப்போது சாப்பிடாமல் தண்ணீராகக் குடிக்கிறது. ஸ்கேன் எடுத்துவிட்டு, கர்ப்பப்பையில் சீழ், உடனே ஆபரேஷன், 25,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு நாய்க்குக் கருத்தடை ஆபரேஷனே இதில் கால்வாசிதான் ஆனது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: கடிதம் கிடைத்த அன்றே அவருக்குப் பதில் சொல்லிவிட்டேன். அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஏமாற்று என்று தோன்றவில்லை. பருவம் முடிந்து சில வாரங்களில், கருத்தடை செய்யாத நடுவயது நாய்க்கு வரும் நோய் இது. கருத்தடை ஆபரேஷன், இந்த ஆபரேஷன் இரண்டிலும் எடுப்பது கர்ப்பப்பையைத்தான். ஆனால் நல்ல பையை எடுப்பது வேறு, சீழ் நிரம்பி உடையக் காத்திருக்கும் பையை எடுப்பது வேறு. ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம் தாங்குமா என்று பார்ப்பது, டிரிப், ஆன்டிபயாடிக், ஓரிரு நாள் தங்க வைப்பது எல்லாம் சேரும். நாளை பார்க்கலாம், நாளன்றைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாத நோய்.

தள்ளக் கூடாது என்பதற்காகக் கேட்கக் கூடாது என்றில்லை. உத்தேசச் செலவை எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் மயக்க மருந்து, தங்கும் நாள், ஆபரேஷனுக்குப் பிந்தைய மருந்து, தையல் பிரிப்பது எல்லாம் அடக்கமா, ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் எவ்வளவு என்று கேளுங்கள்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். "என்னிடம் பன்னிரண்டாயிரம்தான் இருக்கிறது" என்று சொல்ல நாக்கு எழாது. டாக்டர் நம்மை இளக்காரமாக நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். "வீட்ல கேட்டுட்டு வரேன் சார்" என்று சொல்லி நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள், திரும்பி வர மாட்டார்கள். நாய் வாசல்படியிலேயே சுருண்டு கிடக்கும். தொகையை வெளிப்படையாகச் சொன்னால் டாக்டருக்கு வழிகள் உண்டு. எந்த டெஸ்ட் அவசியம், எதை விடலாம் என்று பிரிப்பார். இரண்டு தவணையாக வாங்கிக்கொள்வார். இல்லையென்றால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, "வேப்பேரிக்குக் கொண்டு போங்க" என்பார்.

1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியைத்தான் ஊரில் எல்லோரும் வேப்பேரி என்கிறார்கள். அங்கே தனியாரைவிடச் செலவு மிகவும் குறைவு. அனுபவப்பட்ட பேராசிரியர்கள் இருக்கிறார்கள். காலையிலேயே போய் டோக்கன் எடுக்க வேண்டும், கூட்டத்தில் காத்திருக்க வேண்டும், மாணவர்கள் முதலில் பார்ப்பார்கள். பொறுமை வேண்டும், ஆனால் நாயின் நிலை மோசம் என்றால் வரிசையில் நின்றுகொண்டிருக்காமல் அவசரம் என்று முதலிலேயே சொல்லுங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் இப்படிக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. எங்கே போனாலும் ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி எடுப்பார்கள், மறுபடி காசு.

வீட்டில் ஆரோக்கியமான பெண் நாய் இருப்பவர்கள், குட்டி வேண்டாம் என்றால், கருத்தடையை எந்த வயதில் செய்யலாம் என்று இப்போதே டாக்டரைக் கேளுங்கள். பெரிய இனங்களுக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வார்கள்.

கேள்வி (கோவை வாசகி, இரண்டு பூனைகள், ஒரு நாய்): டாக்டர் தன் கிளினிக்கிலேயே மருந்து வைத்திருக்கிறார். அங்கேதான் வாங்க வேண்டுமா? மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கு விற்கும் மாத்திரையே போதும் என்கிறார்களே?

பதில்: அங்கேதான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு நாய்க்குத் தரும் டாக்ஸிசைக்ளின், மனிதர்கள் சாப்பிடும் அதே மருந்துதான். டாக்டர் அளவைக் குறித்துக் கொடுத்துவிட்டால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ விசாரிக்கலாம். ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபீஸ் குறைவாக வாங்கும் பல டாக்டர்களுக்கு மருந்து லாபத்தில்தான் வாடகை நடக்கிறது. வெளியே வாங்குகிறேன் என்றால் ஃபீஸ் கூடலாம். அது நியாயம்தான்.

ஆனால் மருந்தை நீங்களே தீர்மானிக்காதீர்கள். காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் அது செத்துப்போகும். அரை மாத்திரைகூட ஆபத்து, அந்த மருந்தை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. நாய்க்கு வலி என்று ஐபுபுரூஃபன் கொடுத்தால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு அது விஷம். இரண்டும் ஒன்றாகப் படுக்கும் வீட்டில் அந்த மருந்தே வேண்டாம். பூனைக்கு டாக்டர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை தந்தால், விழுங்கிய பின் கொஞ்சம் தண்ணீர் புகட்டுங்கள். தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும்.

கேள்வி (திருச்சி வாசகர்): நாய்க்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், பாலிசியை முழுக்கப் படித்துவிட்டு. தடுப்பூசி, கருத்தடை, ஏற்கெனவே இருக்கும் நோய் ஆகியவை பொதுவாக இதில் சேராது. ஆரம்பத்தில் காத்திருப்புக் காலம் இருக்கும், வயது வரம்பும் இருக்கும். தடுப்பூசிப் புத்தகம் சரியாக இல்லாவிட்டால் கிளெய்ம் சிக்கலாகும். பக், ஷிட்சூ மாதிரி மூச்சுத் தொல்லைக்குப் பேர்போன இனம் என்றால் நான் எடுப்பேன். வீட்டோடு கிடக்கும் நாட்டு நாய் என்றால், அந்தப் பிரீமியத்தை மாதாமாதம் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, அதை வேறு எதற்கும் தொடாமல் வைத்திருப்பேன். தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். தீபாவளி வந்தால் முதலில் ஞாபகம் வருவது அந்தக் கணக்குதான்.

கேள்வி (மதுரை வாசகர்): ஒரு கிளினிக்கில் எங்கள் நாயை நான்கு நாள் வைத்திருந்தார்கள், இறந்துவிட்டது. மொத்த பில்லுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டால் தரவில்லை. எங்கே புகார் செய்வது?

பதில்: வருத்தமாக இருக்கிறது. முதலில் வரி. கால்நடைக் கிளினிக் செய்யும் மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது. குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது, ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போவது போன்றவை மருத்துவம் ஆகாது, அவற்றுக்குப் போடலாம். மருந்தின் எம்ஆர்பியில் வரி அடக்கம், அதன் மேல் தனியாகச் சேர்க்க முடியாது. எதற்கு எவ்வளவு தொகை, எதற்கு எவ்வளவு வரி என்று பில்லைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். ரிப்போர்ட்டுக்குக் காசு கட்டியது நீங்கள், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நாய் இறந்தது டாக்டரின் தவறாலா என்பது வேறு கேள்வி. சிகிச்சையில் இறந்ததே அலட்சியத்துக்குச் சாட்சி ஆகாது. வேறொரு கால்நடை மருத்துவரின் கருத்து வேண்டியிருக்கும். உடலைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் பெரிய பலம். துக்கத்தில் யாருக்கும் அது தோன்றாது, உங்களைக் குறை சொல்லவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். டாக்டரின் நடத்தை குறித்து என்றால் தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு எழுதலாம். நஷ்டஈடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. அதற்கெல்லாம் முன்னால், ரிப்போர்ட், கேஸ் ஷீட், பிரித்த பில் மூன்றையும் கேட்டுப் பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பெரும்பாலும் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு ரிப்போர்ட் கிடைத்துவிடும். தபால் ரசீதை நாயின் தடுப்பூசிப் புத்தகத்துக்குள்ளேயே செருகி வையுங்கள், தேடும்போது கையில் கிடைக்கும்.