தண்ணீர் எங்கே போகும்? டிராக்டர் வடிகால் பற்றிய கேள்விகள்

மழை ஓய்ந்ததும் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ‘எந்தக் கருவி வாங்கலாம்?’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. தண்ணீரைக் கொண்டுபோய் எங்கே விடுவது என்று யோசித்துவிட்டு எழுதுபவர்கள் குறைவு. அப்படி யோசித்தவரின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நிலத்தின் நடுவே பள்ளமான இடத்தில் மழைநீர் நாள்கணக்கில் தேங்குகிறது. நிலத்தின் எல்லையில் ஓடை இருக்கிறது. வடிகாலைப் பள்ளத்திலிருந்து வெட்டிக்கொண்டு போவதா, ஓடையிலிருந்து வெட்டிக்கொண்டு வருவதா?

ஓடையிலிருந்துதான். பள்ளத்தில் தொடங்கினால் வெட்டிய குழியிலேயே தண்ணீர் ஊறி நிற்கும். டிராக்டரும் அதே சேற்றில் நிற்கும். தாழ்ந்த முனையிலிருந்து மேல்நோக்கி வந்தால், ஊறும் தண்ணீர் வெட்டி முடித்த பகுதி வழியே தானாக வடிந்துவிடும்.

ஆனால் மண்ணில் கை வைப்பதற்கு முன் மட்டம் பாருங்கள். கண்மதிப்பை நம்பாதீர்கள். சமமாகத் தெரியும் நிலம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பது சர்வசாதாரணம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு முளைக்குச்சிகளில் பிடித்தால் போதும். இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்தக் கோட்டிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரு இடத்திலும் அளந்து கழித்தால் இறக்கம் கிடைத்துவிடும். குழாய் நீளம் போதாவிட்டால் முளை முளையாக நகர்ந்து போகலாம்.

100 மீட்டருக்கு 20 முதல் 30 செ.மீ. வாட்டம் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். 10 செ.மீ. இருந்தாலும் தண்ணீர் நகரும். ஆனால் டிராக்டர் வேலையில் அடிமட்டம் அங்கங்கே சில சென்டிமீட்டர் ஏறி இறங்கத்தான் செய்யும். அவ்வளவு குறைந்த வாட்டத்தில் ஒவ்வொரு மேடும் ஒரு குட்டையை உண்டாக்கும். 100 மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கினால் கவலை வேறு: இளகிய மண்ணாக இருந்தால் வாய்க்காலின் அடியே அரித்துக்கொண்டு போகும். அங்கே இடையிடையே கல் தடுப்பு வைத்துப் படிப்படியாக இறக்க வேண்டும்.

ஓடையின் மழைக்கால மட்டத்தையும் பாருங்கள். கோடையில் இரண்டு மீட்டர் ஆழத்தில் சும்மா கிடக்கும் ஓடை, வெள்ளத்தில் உங்கள் வடிகாலின் அடிமட்டத்தைத் தாண்டி ஏறினால் தண்ணீர் நிலத்துக்குள் திரும்பி வரும். கரையோரப் புதர்களில் சருகும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். வெள்ளம் ஏறிய மட்டம் அதுதான். வடிகாலின் வெளிமுனை அதற்கு மேலே அமையவில்லை என்றால், பள்ளத்தையே குட்டையாக ஆழப்படுத்திக்கொள்வது செலவு குறைந்த வழியாக இருக்கலாம்.

கேள்வி: 45 குதிரைத்திறன் டிராக்டர், கலப்பை, பின்னால் மாட்டும் மண் தள்ளும் பிளேடு இருக்கின்றன. அரை மீட்டர் ஆழத்துக்கு வெட்ட பேக்ஹோ (வாளியால் மண் தோண்டும் இயந்திரம்) வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. அரை மீட்டர் ஆழம் இந்த இரண்டு கருவிகளுக்கும் எட்டக்கூடியதே. அதற்கு மேல் போக நினைத்தால் பேக்ஹோவைக் கூப்பிடுங்கள்.

கயிறு கட்டிக் கோடு போட்டுக்கொண்டு, முதலில் கலப்பையால் உழவுச் சால் ஓட்டுங்கள். கலப்பை மண்ணை ஒரு பக்கமாகவே புரட்டும் என்பதால், போகும்போது ஒரு பக்கமும் திரும்பி வரும்போது மறுபக்கமும் மண் விழும். நடுவில் பள்ளம் திறக்கும். பிறகு கலப்பையைக் கழற்றிவிட்டு பிளேடை மாட்டுங்கள்.

பிளேடை இரண்டு விதமாகத் திருப்ப வேண்டும். ஒன்று, கிடைமட்டத்தில் கோணம்: மண்ணில் இறங்கும் மூலை முன்னாலும் மறு மூலை பின்னாலும் இருக்கட்டும். அப்போதுதான் வெட்டிய மண் பிளேடு வழியே வழுக்கி வெளியே போகும். இரண்டு, சாய்வு: டிராக்டரின் பின்னால் கருவியை மாட்டும் மூன்று முனை இணைப்பில் பெரும்பாலும் வலப்பக்கத் தூக்குக் கம்பியில் திருகு இருக்கும். அதைச் சுற்றி அந்தப் பக்கத்தை இறக்கினால் பிளேடின் மூலை மட்டும் மண்ணைக் கடிக்கும். ஒரு ஓட்டத்துக்கு 8 செ.மீ. போதும். பேராசைப்பட்டு 20 செ.மீ. இறக்கினால் டிராக்டரின் மூக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது.

பிளேடு தோண்டும் கருவி அன்று, தள்ளும் கருவி. இறுகிய மண்ணில் அதை வைத்து இழுத்தால் மேலே சறுக்கிக்கொண்டு போகும். எனவே கலப்பையால் இளக்கு, பிளேடால் தள்ளு, மறுபடி இளக்கு என்று மாறி மாறித்தான் ஆழம் கூட வேண்டும். கருவிகளைக் கழற்றி மாட்ட அலுத்துக்கொண்டு ஒரே பிளேடோடு போராடுபவர்கள்தான் இந்த முறை சரியில்லை என்று சொல்கிறவர்கள். திரும்பும்போது பிளேடைத் தூக்கிவிடுங்கள்; மண்ணில் புதைந்தபடி வளைத்துத் திருப்பினால் இணைப்புக் கம்பி கோணிவிடும்.

அடிமட்டத்தின் கடைசி ஓரிரு அங்குலம் மண்வெட்டிக்கு உரியது. அங்கே இயந்திரத்தால் மட்டம் பிடிக்க முடியாது.

கேள்வி: பேக்ஹோ வைத்து நேர்த்தியாக வெட்டினேன். முதல் மழையிலேயே இரண்டு பக்கச் சுவரும் சரிந்துவிட்டன. ஏன்?

நேர்த்தியாக வெட்டியதால்தான். பேக்ஹோ வாளி செங்குத்துச் சுவரைத் தரும். பார்க்க அழகு, நனைந்தால் மண். பக்கங்களைச் சரித்து விட வேண்டும். கெட்டியான களிமண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டராவது பக்கவாட்டில் விலகட்டும். சாதாரண வண்டல் கலந்த மண்ணில் ஒன்றரை. மணற்பாங்கான மண்ணில் இரண்டு முதல் மூன்று. புல் வெட்டும் கருவியோடு டிராக்டர் பக்கத்தில் ஏறி இறங்க வேண்டுமானால் எந்த மண்ணாக இருந்தாலும் மூன்றுக்குக் குறைக்காதீர்கள்.

சரித்த கையோடு புல் விதையுங்கள். மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் இடமாக இருந்தால் ஒரே இடத்தில் கல் பாவி வழி விட்டு, மற்ற நீளத்துக்கு வேலி போடுங்கள். அவற்றின் குளம்பு செய்யும் சேதத்தை எந்தச் சரிவும் தாங்காது.

கேள்வி: அகலமும் ஆழமும் எப்படித் தீர்மானிப்பது?

ஒரு மி.மீ. மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்தால் 5 லட்சம் லிட்டர். அதில் பாதி மண்ணில் இறங்கி, மீதிப் பாதி ஒரு மணி நேரத்தில் ஓடி வருகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஏறத்தாழ 70 லிட்டர். அடி அகலம் 30 செ.மீ., ஆழம் 45 செ.மீ., பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை என்று வெட்டினால் மேல் அகலம் 1.65 மீட்டர் வரும். 100 மீட்டருக்கு 20 செ.மீ. வாட்டத்தில் இது நிறைந்து ஓடும்போது வினாடிக்குச் சுமார் 200 லிட்டரைக் கடத்தும். உங்கள் நிலம் மட்டுமல்ல, மேட்டிலிருந்து உங்கள் நிலத்துக்குள் இறங்கும் தண்ணீரின் பரப்பையும் கணக்கில் சேருங்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

அதே அளவில் 100 மீட்டர் வெட்டினால் 44 கன மீட்டர் மண் வெளியே வரும். இளகிய பின் அது இன்னும் உப்பும். அதை எங்கே போடுவது என்பதும் அளவைத் தீர்மானிக்கிற விஷயம்தான். அடுத்த கடிதம் அதைப் பற்றியதே.

கேள்வி: வடிகால் வெட்டி ஒரு மழைக்காலம் ஆகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் அதிலிருந்து சில அடி தள்ளி வயலில் முன்பு போலவே தேங்கி நிற்கிறது.

உங்கள் வாய்க்காலின் மேட்டுப் பக்கக் கரையைப் போய்ப் பாருங்கள். வெட்டிய மண்ணை அங்கே நீளமாகக் குவித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது வடிகாலுக்கு முன்னால் நீங்களே கட்டிய அணை. மண்ணைத் தாழ்ந்த பக்கத்தில் போட வேண்டும், அல்லது வயலிலுள்ள பள்ளங்களில் பரப்ப வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் குவியலில் இடைவெளி விட்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் கல் பாவுங்கள். எங்கே போட்டாலும் விளிம்பிலிருந்து 60 செ.மீ.யாவது தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பாரமே விளிம்பை இடித்துத் தள்ளும்.

கரையில் தடை இல்லை என்றால் சந்தேகம் மண்ணுக்கு அடியில். தேங்கும் இடத்தில் முக்கால் மீட்டர் குழி தோண்டுங்கள். மேல்மண் சொதசொதவென்று இருக்க, கீழே கடப்பாரை தெறிக்கும் கெட்டி அடுக்கும் அதற்கு அடியில் உலர்ந்த மண்ணும் தெரிந்தால், இன்னொரு வாய்க்கால் வெட்டிப் பயனில்லை. வறண்ட பருவத்தில் உளிக் கலப்பையை ஓட்டி அந்த அடுக்கை உடையுங்கள். ஈரத்தில் ஓட்டினால் உடையாது, கீறல் மட்டும் விழும்.

கேள்வி: மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கும்போது வெட்டலாம்?

வெட்டப்போகும் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மி.மீ. கனத்துக்கு நூல் மாதிரி உடையாமல் உருண்டால் ஈரம் அதிகம்; காத்திருங்கள். அதற்கு முன்பே பொடிந்தால் வண்டியை எடுக்கலாம்.

கேள்வி: என் மகன் வாய்க்கால் விளிம்பை ஒட்டியே டிராக்டரை ஓட்டுகிறான். சொன்னால் ‘பழகிவிட்டது’ என்கிறான். எவ்வளவு தூரம் தள்ளி ஓட்ட வேண்டும், அம்மா சொன்னால் கேட்காதவனுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

தம்பி, வாய்க்கால் எவ்வளவு ஆழமோ, விளிம்பிலிருந்து குறைந்தது அவ்வளவு தூரம் விலகி ஓட்டுங்கள். மண் நனைந்திருந்தால் இன்னும் கூட. பழக்கம் உங்களுக்குத்தான், விளிம்பு மண்ணுக்கு அல்ல. நேற்று தாங்கிய இடம் இரவு மழைக்குப் பின் தாங்காது. கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் உள்ள வண்டியானால் சீட் பெல்ட்டைப் போடுங்கள். பெல்ட் போடாதவரை அந்தச் சட்டகமே நசுக்கலாம்.

சேற்றில் சிக்கிய வண்டியை மீட்பதிலும் இதே துணிச்சல் வேண்டாம். இழுக்கும் சங்கிலியை எப்போதும் பின்னாலுள்ள இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்கிலோ (கருவி இணைப்பின் மேல் கம்பி) அச்சிலோ கட்டி இழுத்தால் முன்சக்கரம் எழும்பி, டிராக்டர் பின்பக்கமாகப் புரண்டுவிடும். ஓட்டுபவர் கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் அது முடிந்திருக்கும்.

இன்னொன்று: ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான செங்குத்துக் குழிக்குள் அளவெடுக்கக்கூட இறங்காதீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. வெட்டும் முன் நிலத்தடியில் மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ போகிறதா என்று உரியவர்களிடம் கேட்டு, போகும் கோட்டைக் குச்சி நட்டு அடையாளம் செய்யுங்கள்.

கேள்வி: வடிகாலின் முனையைப் பக்கத்து நிலத்தில் விட்டால் என்ன? எப்படியும் அங்கேதானே தண்ணீர் போகிறது?

பரவலாகப் போன தண்ணீரை ஒரே இடத்தில் திரட்டிப் பாய்ச்சுவது வேறு. அவர் பயிர் அழுகினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். முதலில் அவரோடு பேசுங்கள், எழுத்தில் வாங்குங்கள். ஓடையிலோ சதுப்பு நிலத்திலோ விடுவதானாலும் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: வாய்க்காலைத் தாண்டி டிராக்டர் போக வேண்டும். குழாய் போட்டு மூடினேன். இரண்டே மாதத்தில் அமுங்கி உடைந்துவிட்டது.

குழாயின் மேல் மண் போதவில்லை, அல்லது பக்கங்களில் திமிசு போடவில்லை, பெரும்பாலும் இரண்டும். குழாயின் இரு பக்கமும் 15 செ.மீ. அடுக்குகளாக மண் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இரு பக்கமும் சமமாக இடித்துக்கொண்டே மேலே வாருங்கள். மேல்மூடல் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது; பாரவண்டி போவதானால் இன்னும் கூட்டுங்கள். குழாயின் அடிப்பகுதி வாய்க்காலின் அடிமட்டத்தைவிட ஒரு விரல்கடை தாழ்ந்தே இருக்கட்டும், உயர்ந்திருக்க வேண்டாம். இரு வாயிலும் கல் அடுக்கிவிட்டால் குழாய்க்கு வெளிப்புறமாகத் தண்ணீர் துளைத்துக்கொண்டு போகாது. குழாயின் விட்டத்தைத் தீர்மானிக்கும்போது, அதன் வழியே சருகும் வைக்கோலும் வரும் என்பதை நினைவில் வைத்து ஒரு அளவு பெரியதாகவே வாங்குங்கள்.