இன்சூரன்ஸ் இல்லாத கார்: வேலூர் வாசகர்கள் கேட்டவை

கேள்வி (சத்துவாச்சாரி): சார், கிரீன் சர்க்கிளில் நிறுத்திப் பார்த்தார்கள். இன்சூரன்ஸ் முடிந்து 20 நாள் ஆகியிருந்தது. ஜெயில் எல்லாம் உண்டா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 196-வது பிரிவில் உண்டு. முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 4,000. வெறும் சோதனையில் சிக்கியதற்காக உள்ளே போனவரை நான் பார்த்ததில்லை. 20 நாளோ ஒரு நாளோ, முடிந்தது முடிந்ததுதான்.

கேள்வி (குடியாத்தம்): என் காரை மச்சான் ஓட்டிப்போய் மாட்டிக்கொண்டான். குற்றம் யார் மேல்?

பதில்: இருவர் மேலும். ஓட்டியவரோடு, ஓட்டக் கொடுத்தவரையும் அந்தப் பிரிவு சேர்த்துக்கொள்கிறது.

கேள்வி (காட்பாடி): அண்ணே, பழைய ஆல்டோ. பைனும் 2,000, தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) பிரீமியமும் ஏறக்குறைய அதேதான். மாட்டும்போது கட்டிக்கொண்டால் என்ன?

பதில்: இந்தக் கணக்கைத்தான் பலரும் போடுகிறார்கள், தம்பி. 1,000 சிசிக்குள் உள்ள காருக்கு 2022-ல் வைத்த கட்டணம் 2,094 ரூபாய், வரி தனி. சரி, இப்போது நான் ஒரு கணக்கு போடுகிறேன். பாகாயம் ரோட்டில் உங்கள் கார் மோதி 35 வயதுக்காரர் ஒருவர் இறந்துவிடுகிறார், தவறு உங்கள் மேல் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், மாதம் 15,000 வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆண்டுக்கு 1,80,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு போக 1,68,000. நஷ்டஈடு கணக்கிட நீதிமன்றங்கள் அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 26,88,000 ரூபாய்; ஈமச்செலவு முதலானவையும் வட்டியும் இதற்கு மேல். பாலிசி இருந்தால் இதைக் கம்பெனி கட்டும், மரணத்துக்கு உச்சவரம்பு கிடையாது. இல்லாவிட்டால் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் உங்களைக் கட்டச் சொல்லும். கட்டாவிட்டால் வீடு, நிலம் ஜப்தி வரை போகும்.

கேள்வி (பள்ளிகொண்டா): கார் விற்று எட்டு மாதம் ஆகிறது. ஆர்சி இன்னும் என் பேரில் இருக்கிறது. வாங்கியவர் இன்சூரன்ஸ் போடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பதில்: உடனே ஆர்டிஓ ஆபீஸுக்குப் போங்கள். ஆர்சியில் பேர் உள்ளவரே உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றதற்கு எழுதிக் கையில் வைத்திருக்கும் 20 ரூபாய்ப் பத்திரம் காப்பாற்றாது. பேர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்; பேர் மாறியதைக் கண்ணால் பார்க்கும் வரை முடியவில்லை.

கேள்வி (ஆம்பூர்): போன வாரம் ஒரு பைக்கில் மோதிவிட்டது, கார் ஸ்டேஷனில் நிற்கிறது. மறுநாளே ஆன்லைனில் பாலிசி எடுத்துவிட்டேன். உதவுமா?

பதில்: அந்த விபத்துக்கு உதவாது. பாலிசியில் ஆரம்ப நேரம் மணி, நிமிடத்தோடு இருக்கும். முன்தேதி போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். அப்புறம் போலி ஆவண வழக்கும் சேர்ந்துகொள்ளும். வண்டியை வெளியே எடுக்க நீதிமன்றம் ஈடு கேட்கும், வக்கீலோடு போங்கள்.

கேள்வி (வாலாஜா): பாலிசியைக் காகிதமாகவே வைத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசு செயலிகள் ஒன்றில் போனிலேயே காட்டினால் போதும். போனில் சார்ஜ் இருக்கட்டும்.