கதாபாத்திரத்தின் அசைவை வைத்து ‘இவருக்கு ஆட்டிசம்’ என்று ரசிகர்கள் சொல்வது எதனால்?

கதையில் எங்கும் ஆட்டிசம் (மூளை வளர்ச்சியில் சிறுவயதிலிருந்தே இருக்கும் ஒரு வித்தியாசம்) என்ற சொல்லே வராது. ஆனாலும் ஒருவர் உட்காரும் விதம், கையசைவு, பார்வை இதையெல்லாம் பார்த்து வாசகர்கள் அப்படிப் புரிந்துகொள்கிறார்கள்.

ஜப்பானில் 2003இல் தொடங்கிய ‘டெத் நோட்’ என்ற மங்காவில், அதாவது ஜப்பானிய காமிக்ஸ் தொடரில், வரும் துப்பறிவாளர் ‘எல்’லைப் பாருங்கள். நாற்காலியில் குத்தவைத்து உட்காருவார், போனை இரண்டு விரல் நுனியில் பிடிப்பார், பெரும்பாலும் வெறுங்கால்தான். எல்லோரையும் போல உட்கார்ந்தால் யோசிக்கும் திறன் 40 சதவீதம் குறைந்துவிடும் என்று அவரே சொல்வார். எனக்கு அந்த வரிதான் முக்கியம், ஏனென்றால் ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒலி, வெளிச்சம், தொடுதல் எல்லாம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ உறைக்கும், அதைச் சமாளிக்க உடம்பு தனக்கென்று ஒரு உட்காரும் விதத்தையும் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவையும் கண்டுபிடித்துக்கொள்ளும்.

பரீட்சை ஹாலில் நம்மை அறியாமல் காலாட்டுவோமே, யாராவது அதட்டி நிறுத்தினால் யோசனையும் நின்றுவிடும், கிட்டத்தட்ட அப்படித்தான். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அந்தத் தேவை இன்னும் பலமாக, நாள் முழுக்க இருக்கலாம்.

அப்புறம், இப்படி வாசிப்பது நோய் கண்டுபிடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை, ஆட்டிசம் ஒரு நோயும் இல்லை, ஒரே ஒரு அசைவை வைத்து நிஜ மனிதர் யாரையும் அப்படிச் சொல்லிவிடவும் முடியாது.